கிரீன் கார்டு மனு எந்த நிலையில்? மொபைலிலேயே பார்க்கலாம்!

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மகனோ மகளோ பெற்றோரின் கிரீன் கார்டுக்காக மனு செய்து மாதங்கள் ஓடிவிட்டன, பதில் இல்லை. ‘விசாரித்துச் சொல்கிறேன்’ என்று பணம் கேட்கும் ஏஜென்ட்டுகள் நுழைவது இங்கேதான். அந்தத் தகவலை நீங்களே இலவசமாகப் பார்க்கலாம்.

ரசீது எண் முக்கியம்

மனு கிடைத்ததும் அமெரிக்கக் குடிவரவுத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ், ஐ-797 என்ற நோட்டீஸை அனுப்பும். அதில் 3 எழுத்துகளும் 10 இலக்கங்களும் கொண்ட ரசீது எண் இருக்கும். துறையின் இணையதளத்தில் ‘கேஸ் ஸ்டேட்டஸ் ஆன்லைன்’ பக்கத்தில் அதை டைப் செய்தால் போதும். பாஸ்வேர்டு கிடையாது. எனவே, அந்த நோட்டீஸை வாட்ஸ்அப் குரூப்களில் பகிராதீர்கள்.

இன்னும் எத்தனை மாதம்?

இதற்கு ‘ப்ராசஸிங் டைம்ஸ்’ என்ற தனிப் பக்கம் உண்டு. படிவம், பிரிவு, அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கால அளவு தெரியும். அது வாக்குறுதி அல்ல. கடந்த 6 மாதங்களில் முடிந்த மனுக்களில் 80 சதவிகிதம் எவ்வளவு காலத்துக்குள் முடிந்தன என்ற கணக்கு. மீதி 20 சதவிகிதத்துக்கு அதைவிடக் கூடுதல் காலம் ஆகியிருக்கிறது.

அங்கேயே ரசீது தேதியைக் கொடுத்தால், ‘ஏன் தாமதம்?’ என்று கேட்கும் நாள் வந்துவிட்டதா என்பதும் தெரியும். வந்திருந்தால் ஆன்லைனிலேயே கேட்கலாம்.

இதைத் தவற விடாதீர்கள்!

‘ரெக்வஸ்ட் ஃபார் எவிடன்ஸ்’ என்று ஸ்டேட்டஸ் வந்தால், கூடுதல் ஆவணம் கேட்கிறார்கள் என்று அர்த்தம். கெடுவுக்குள் அனுப்பாவிட்டால் மனு நிராகரிக்கப்படலாம். பிள்ளை அங்கே வீடு மாறியிருந்தால், புது முகவரியைத் துறைக்குத் தெரிவித்தாரா என்று இன்றே கேளுங்கள்.