மூணு அடி பாட்டும் ஒரு வால்வு ரேடியோவும்

"மலருக்கு ஏதாவது எழுதிக் குடுடா" என்று மன்றச் செயலாளர் கேட்டபோது, ஐ.எஃப். ஆம்ப்ளிஃபயர் பற்றி எழுதுகிறேன் என்றேன். "எவன் படிப்பான்?" என்றார். சரி, வால்ட்ஸ் இசை பற்றி எழுதுகிறேன் என்று சொல்லி, உள்ளே ஐ.எஃப். ஆம்ப்ளிஃபயரையும் ஒளித்து வைத்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் செமஸ்டர் மினி பிராஜெக்ட்டுக்காக எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த வால்வு ரேடியோவை இறக்கினேன். தாத்தா சிறுவயதில் ரேடியோ ரிப்பேர் கடையில் எடுபிடியாக இருந்தவர். டிரான்சிஸ்டர் வந்த பிறகு யாரோ வேண்டாமென்று கடையில் விட்டுப்போன செட் அது. ரிச்சி தெருவில் அலைந்து ரெக்டிஃபையர் வால்வு வாங்கினேன். ஊதிப்போயிருந்த கண்டன்சர்களை மாற்றினேன். ஓடியது! ஆனால் மீடியம் வேவில் இரைச்சல்தான் அதிகம். பிரெட்போர்டில் ஒரு சின்ன ஆசிலேட்டர் கட்டி (பத்தடி தாண்டாது, பயப்படாதீர்கள்), செல்போனிலிருந்து பாட்டு அனுப்பினேன். எங்கள் துறை சார் ஒருவர் தந்த பென்-டிரைவில் அமெரிக்க டான்ஸ் பேண்ட் இசைத்தட்டுகள் இருந்தன. அதில் ஒன்று வெய்ன் கிங் வாசித்த வால்ட்ஸ்.

செல்போன் ஸ்பீக்கரில் கேட்டபோது கிழவர் இருமுவது மாதிரி இருந்த அதே பாட்டு, அந்த மரப்பெட்டிக்குள் இருந்து வந்தபோது... சொன்னா நம்ப மாட்டீங்க, ஹாஸ்டல் அறையில் நாலு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். ஏன் இப்படி என்று தேடியதுதான் இந்தக் கட்டுரை.

வால்ட்ஸ் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. மூன்று எண்ணிக்கைத் தாளம். நம்ம ஊர் "தகிட, தகிட". முதல் அடி அழுத்தமாக, அடுத்த இரண்டும் லேசாக. பால்ரூமில் ஆடும் மெதுவான வால்ட்ஸ் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 30 சுற்று, அதாவது 90 அடி. ஜோடியாகக் கைகோத்து, அறையைச் சுற்றி மிதப்பது போல ஆடுவார்கள்.

சிகாகோ நகரில் 1926-இல் அராகன் என்றொரு நடன மாளிகை திறந்தார்கள். ஸ்பெயின் நாட்டு முற்றம் மாதிரி அலங்காரம், கூரையில் மினுக்கும் நட்சத்திர விளக்குகள். 1920-களின் கடைசியிலிருந்து அங்கே ஆஸ்தான வித்வான் என்று சொல்லும்படி இருந்தவர் சாக்ஸஃபோன்காரர் வெய்ன் கிங். "வால்ட்ஸ் ராஜா" என்றே பெயர் எடுத்தவர். அங்கிருந்து டெலிபோன் கம்பி வழியாக இசை ரேடியோ நிலையத்துக்குப் போகும். நிலையம் அதை வானில் விடும். 1931-இல் லேடி எஸ்தர் என்ற முகப்பூச்சுக் கம்பெனி அவருடைய நிகழ்ச்சிக்கு விளம்பரதாரர் ஆனது. அது பொருளாதார மந்தத்தின் நடுக்காலம். வேலை போன வீட்டில் நடன மாளிகைக்குக் காசு ஏது? ரேடியோ இருந்தால் சமையலறையிலேயே ஆடலாம். 1930 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் நூற்றுக்கு 40 குடும்பங்களில்தான் ரேடியோ இருந்தது; 1940-இல் 80-ஐத் தாண்டிவிட்டது.

இரவு நிகழ்ச்சி என்பதில் நம்ம சிலபஸ் சமாச்சாரம் ஒன்று உண்டு. பகலில் அயனோஸ்பியரின் டி லேயர் மீடியம் வேவ் அலைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்தால் அந்த லேயர் கரைந்துபோகும். அலைகள் மேலே போய்த் திரும்பிப் பல நூறு மைல் தாண்டி இறங்கும். சிகாகோவில் வாசித்த சாக்ஸஃபோன், மின்சாரமே எட்டாத பண்ணை வீட்டில் பேட்டரி ரேடியோவில் கேட்டது இப்படித்தான். ஏறி இறங்கும் அந்த ஃபேடிங்கும் சேர்த்துத்தான் அவர்களுடைய ஞாபகம்.

இப்போது ஒளித்து வைத்ததை எடுக்கிறேன்! சூப்பர்ஹெட் ரிசீவரில் 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதே, பத்து மார்க்குக்கு கிராஃப் வரைவோமே, அது பக்கத்து நிலையம் உள்ளே வராமல் தடுக்கும்போது பாட்டின் உச்ச ஸ்வரங்களையும் வெட்டிவிடுகிறது. மிஞ்சுவது ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸ். சிம்பலின் பளபளப்பு போச்சு. ஆனால் சாக்ஸஃபோன், வயலின், மனிதக் குரல் எல்லாவற்றின் உடம்பும் அதற்குள் அடங்கிவிடும். போதாததற்கு வால்வு சேர்க்கும் டிஸ்டார்ஷனில் இரண்டாவது ஹார்மோனிக் தூக்கலாக இருக்கும். அது அதே ஸ்வரத்தின் மேல்ஸ்தாயி. காதுக்கு உறுத்தாது, கொஞ்சம் சதை போட்ட மாதிரி இருக்கும். "அந்தக் காலத்து இனிமை" என்று உருகுகிறோமே, அதில் பாதி, பெட்டி செய்த குறை!

இசையும் கருவிக்குத் தக்கபடி வளைந்தது. 1925-க்கு முன் இசைத்தட்டுப் பதிவு என்றால் ஒரு பெரிய கூம்புக்குள் கத்த வேண்டும். அந்த ஆண்டு மைக் வைத்து மின்முறையில் பதிவது வந்தது. காதோடு ரகசியம் சொல்வதுபோல் பாடும் 'குரூனர்' பாடகர்கள் அதற்குப் பிறகுதான் கிளம்பினார்கள். பத்து அங்குல 78 தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் இடம். பாட்டும் மூன்று நிமிடத்தில் முடிந்தது.

அதே பெட்டி இசைக்காரர்களின் வயிற்றிலும் அடித்தது. ரேடியோக்காரர்கள் நேரில் வாசிப்பவர்களுக்குப் பதிலாக இசைத்தட்டைச் சுழற்ற ஆரம்பித்தார்கள். 1942 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், இனி தட்டுக்கு வாசிக்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் அறிவித்தது. பெரிய கம்பெனிகள் முழுதும் இறங்கிவர 1944 நவம்பர் ஆயிற்று. அதற்குள் பாடகர்கள் முன்னுக்கு வந்துவிட்டார்கள். பேண்டுகள் பின்னால் போயின.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நடனக் கூடங்கள் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. நியூயார்க் காட்டன் கிளப்பிலிருந்து 1920-களின் கடைசியில் டியூக் எலிங்டன் பேண்ட் ரேடியோவில் நாடெங்கும் கேட்டது. மேடையில் கறுப்பின மேதைகள். மேஜைகளில் வெள்ளையர் மட்டும். விளம்பரதாரர் பணமும் பெரும்பாலும் வெள்ளையர் பேண்டுகளுக்கே போனது. 'பொற்காலம்' என்று எழுதுபவர்கள் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

விடுமுறைக்கு ரேடியோவை வீட்டுக்குக் கொண்டுபோய் அதே வால்ட்ஸைப் போட்டேன். தாத்தா விரலால் கட்டிலைத் தட்டினார், சரியாக மூன்று எண்ணிக்கை.

"இந்த மூணு அடி பாட்டு தெரியும்டா. சிலோன்ல இங்கிலீஷ் நிகழ்ச்சியில வரும். ரிப்பேர் ஆன செட்டை எல்லாம் ராத்திரி அதுல வச்சுத்தான் டெஸ்ட் பண்ணுவோம்."

இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950-இல் தொடங்கியது. போர்க்காலத்தில் நேசநாட்டுப் படைகளுக்காக நிறுவிய பெரிய சிற்றலை டிரான்ஸ்மிட்டர் அதன் கையில் இருந்தது. தாத்தாவுக்கு அது எட்டியதில் ஆச்சரியமில்லை.

"அந்தக் காலம் நல்லா இருந்துச்சா தாத்தா?"

"எங்கடா நல்லா இருந்துச்சு? பாட்டு பாதியில இருக்கும்போது செட்டுக்குச் சொந்தக்காரன் வந்து தூக்கிட்டுப் போயிடுவான். முழுப் பாட்டா கேட்டது கொஞ்சம்தான்."

அன்று முழுசாகக் கேட்டார். மூன்று நிமிடமும். முடிந்ததும் பாராட்டுவார் என்று காத்திருந்தேன். காதை ஸ்பீக்கர் பக்கம் சாய்த்து, "அடியில ஒரு ம்ம்ம்னு சத்தம் வருதே, ஃபில்டர் கண்டன்சர் ரெண்டையும் மாத்துனியா, ஒண்ணை மட்டும் மாத்துனியா?" என்றார்.

ஒன்றைத்தான் மாற்றியிருந்தேன்.