கொடி பிடிப்பவர் கையில் எத்தனை உயிர்கள்?

சில ஆண்டுகளுக்கு முன், பேரா மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் பாதுகாப்பு விளக்கக் கூட்டம் நடத்தச் சென்றிருந்தேன். மருந்து தெளிக்கும் முறை, பால்வெட்டுக் கத்தியைக் கையாளும் முறை ஆகியவற்றைப் பற்றிப் பேசி முடித்தபின், பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்தார்.

“ஐயா, மழைக் காலத்தில் மரம் வெட்டு இல்லாதபோது நான் ரோட்டு வேலைக்குப் போனேன். முதல் நாள் காலையில் ஒரு கொடியைக் கையில் கொடுத்து, ‘இங்கே நில், வண்டியை நிறுத்து’ என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. பத்து மணிக்கெல்லாம் ஒரு லாரி நிற்காமல் வந்துவிட்டது. நான் சாக்கடைக்குள் குதித்துத் தப்பினேன். அன்று நான் செய்த தவறு என்ன?” என்று கேட்டார்.

கூட்டத்தில் சிலர் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. அன்று அவருக்கு நான் அளித்த பதில் முழுமையானதன்று. அந்தப் பதிலை இக்கட்டுரையில் முழுமையாகக் கூற விரும்புகிறேன். நம் தோட்டப்புற மக்களில் பலர் ஓய்வு நாள்களிலும் மழைக் காலத்திலும் குத்தகையாளர்களிடம் சாலை வேலைக்குச் செல்கின்றனர். சாலை வேலை நமக்குப் புதியதும் அன்று. இந்நாட்டின் சாலைகளையும் இரயில் பாதைகளையும் அமைத்தவர்களுள் நம் பாட்டன்மாரும் இருந்தனர். ஆயினும், அன்றைய சாலையில் மாட்டு வண்டி சென்றது. இன்றைய சாலையில் நாற்பது டன் லாரி செல்கிறது. ஆகவே, அன்றைய பழக்கம் இன்றைக்குப் போதாது.

ஒற்றைத் தடம் என்றால் என்ன?

இரு தடங்கள் கொண்ட சாலையில் ஒரு தடத்தைத் தோண்டிப் பழுது பார்க்கும்போது, எஞ்சிய ஒரு தடத்தின் வழியாகவே இரு திசை வண்டிகளும் செல்ல வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் செல்ல இயலாது. எனவே, வடக்கிலிருந்து வருவோரைச் சிறிது நேரம் நிறுத்தித் தெற்கிலிருந்து வருவோரை விடுகிறோம். பின்னர் அவர்களை நிறுத்தி இவர்களை விடுகிறோம். இவ்வாறு மாறி மாறி விடுவதற்கு இரு முனைகளிலும் கொடி பிடிப்பவர்கள் நிற்பர். சில இடங்களில் தற்காலிகச் சமிக்ஞை விளக்குகள் இப்பணியைச் செய்யும்.

பார்வைக்கு இஃது எளிய வேலை. ஆனால், இம்முறையில் ஒரு சிறு பிழை நேர்ந்தாலும் இரு வண்டிகள் ஒரே தடத்தில் நேருக்கு நேர் சந்திக்கும். அவற்றுக்கு ஒதுங்க இடம் இராது. ஒரு பக்கம் சாக்கடை. மறுபக்கம் தோண்டிய பள்ளமும் அதனுள் வேலை செய்யும் தொழிலாளர்களும். ஓட்டுநர் உயிர் தப்புவதற்காகத் திருப்பினால், வண்டி பெரும்பாலும் தொழிலாளர் இருக்கும் பக்கமே பாயும். கொடி பிடிப்பவர் தம் உயிரை மட்டுமன்றி, முதுகைக் காட்டிக்கொண்டு மண்வெட்டியுடன் குனிந்து நிற்கும் தம் தோழர்களின் உயிரையும் காக்கிறார் என்பதை முதலில் உணர வேண்டும்.

காலியாகும் வரை காத்திருத்தல்

எதிர்ப்புற வண்டிகளை நிறுத்தியவுடன் நம் பக்கத்து வண்டிகளை விட்டுவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். இதுவே பெரும் பிழை. நிறுத்துவதற்கு முன்பே தடத்திற்குள் நுழைந்துவிட்ட கடைசி வண்டி வெளியே வந்து சேர வேண்டாமா?

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். வேலை நடக்கும் பகுதியின் நீளம் 300 மீட்டர் என்க. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் அதனைக் கடக்க ஏறத்தாழ 36 வினாடிகள் ஆகும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிளுக்கோ டிராக்டருக்கோ 72 வினாடிகள் ஆகும். காரை மனத்தில் கொண்டு நாற்பது வினாடிகளில் எதிர்ப்புறத்தைத் திறந்துவிட்டால், டிராக்டர் இன்னும் தடத்தின் நடுவில்தான் இருக்கும். ஆகவே, கடிகாரத்தை மட்டும் நம்பக் கூடாது. கடைசி வண்டி வெளியேறியதைக் கண்ணால் காண வேண்டும், அல்லது மறுமுனையில் நிற்பவர் கூறக் கேட்க வேண்டும்.

இரு முனைகளில் நிற்போரும் ஒருவரையொருவர் பார்க்க இயலுமானால் கைச் சைகை போதும். வளைவோ மேடோ குறுக்கிட்டால் வாக்கி டாக்கி வேண்டும். அப்போது, “வண்டி விட்டுவிட்டேன்” என்று மட்டும் சொன்னால் போதாது. “கடைசி வண்டி நீல நிற வேன், எண் இன்னது” என்று கூற வேண்டும். மறுமுனையில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நீல வேன் தம்மைக் கடந்து சென்ற பிறகே அவர் தம் பக்கத்தைத் திறக்கலாம்.

வாக்கி டாக்கி இல்லாத இடத்தில், கடைசி வண்டி ஓட்டுநரிடம் ஒரு கோலையோ சிறு கொடியையோ கொடுத்து மறுமுனையில் ஒப்படைக்கச் செய்யும் முறை உண்டு. ஒற்றைத் தண்டவாளப் பாதைகளில் இரயில் ஓட்டுநரிடம் அடையாளக் கோல் கொடுத்து அனுப்பிய பழைய முறையும் இத்தகையதே. கோல் கைக்கு வராதவரை பாதை திறக்கப்படமாட்டாது. ஐயம் எழுந்தால் இரு முனைகளையும் மூடிவிட வேண்டும். ஓட்டுநர்கள் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். அந்தச் சத்தத்தால் எவரும் இறப்பதில்லை.

வண்டி உடனே நின்றுவிடுவதில்லை

இனி, அந்த இளைஞரின் லாரிக்கு வருவோம். அவர் கொடியை உயர்த்தினார், லாரி நிற்கவில்லை. ஓட்டுநர் வேண்டுமென்றே செய்தார் என்று கருத வேண்டியதில்லை.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 25 மீட்டர் கடக்கிறது. கொடியைக் கண்டு, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க ஓட்டுநருக்கு இரண்டு வினாடிகள் ஆனால், அதற்குள் 50 மீட்டர் ஓடிவிடும். ஈரமான சாலையில் பிரேக் பிடித்து நிற்க மேலும் ஏறத்தாழ 80 மீட்டர் ஆகலாம். ஆக மொத்தம் 130 மீட்டர். நம் தோட்டத்துப் பந்துத்திடலின் நீளத்தைவிட இஃது அதிகம். வேகம் 60 கிலோமீட்டராகக் குறைந்தால், அதே சாலையில் ஏறத்தாழ 70 மீட்டரில் நின்றுவிடும். மரக்கட்டையோ செம்பனைக் குலையோ ஏற்றிய லாரிக்கு இன்னும் அதிகத் தூரம் தேவை.

எனவே, ஓட்டுநருக்கு முதல் எச்சரிக்கை கொடி பிடிப்பவராக இருக்கலாகாது. அவருக்கு வெகுமுன்பே ‘முன்னால் சாலை வேலை’, ‘வேகத்தைக் குறை’, ‘கொடி காட்டுபவர் உள்ளார்’ என்னும் அறிவிப்புகள் வரிசையாக வர வேண்டும். நம் நாட்டில் இத்தற்காலிக எச்சரிக்கைப் பலகைகள் ஆரஞ்சு நிறப் பின்னணியில் கறுப்புக் குறிகளைக் கொண்டவை. இவற்றை அமைக்கும் முறைக்கெனப் பொதுப்பணி இலாகா 1985-ஆம் ஆண்டிலேயே ஒரு தொழில்நுட்ப வழிகாட்டியை வகுத்தது. பலகைகளும் கூம்புகளும் குத்தகையாளரின் தயவால் வருபவை அல்ல. அவை வேலையின் ஒரு பகுதி.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். நிறுத்தப்பட்ட வண்டிகள் வரிசையாக நிற்கும். ஒரு காருக்கு இடைவெளியுடன் 7 மீட்டர் என்றால், 30 கார்கள் 210 மீட்டர் நீளம் நிற்கும். முதல் பலகையை 200 மீட்டர் தொலைவில் வைத்திருந்தால், வரிசையின் வால் அப்பலகையையும் தாண்டிவிடும். பின்னால் வேகமாக வருபவர், பலகையைப் பார்க்குமுன் நிற்கும் வண்டியைப் பார்ப்பார். ஆகவே, வரிசை நீளும்போது பலகையையும் பின்னோக்கி நகர்த்த வேண்டும். அல்லது வரிசையை நீளவிடாமல் விரைவாக மாற்றிவிட வேண்டும்.

நிற்கும் இடம்

கொடி பிடிப்பவர் தடத்தின் நடுவில் நிற்கக் கூடாது. வரும் வண்டிக்கு இடப்புறமாக, சாலையின் ஓரத்தில் நிற்க வேண்டும். முதல் வண்டி முற்றிலும் நின்ற பிறகு, பின்னால் உள்ளவர்களுக்கும் தெரியும்படி சற்று முன்வரலாம். அப்போதும் நகரும் வண்டியின் பாதையில் கால் வைக்கலாகாது. அவர் நினைவில் கொள்ள வேண்டியவை வருமாறு:

முதலாவது, வரும் வண்டிகளுக்கு ஒருபோதும் முதுகைக் காட்டக் கூடாது.

இரண்டாவது, நிற்கத் தொடங்குமுன் தப்பிச் செல்லும் வழியைப் பார்த்துவைக்க வேண்டும். பின்னால் லாரியோ கற்குவியலோ ஆழமான பள்ளமோ இருந்தால் அவ்விடம் ஆகாது.

மூன்றாவது, மர நிழல் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால், வெயிலில் வரும் ஓட்டுநரின் கண்ணுக்கு நிழலில் நிற்பவர் தெரியமாட்டார். காலையிலும் மாலையிலும் ஓட்டுநரின் கண்ணில் சூரியன் நேராகப் படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நான்காவது, ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி எப்போதும் உடலில் இருக்க வேண்டும். அழுக்கேறி மங்கிய மேலங்கி, அணியாததற்குச் சமம். இரவில் நிற்கும் இடத்திற்கு விளக்கொளி வேண்டும்; கையில் ஒளிரும் கோல் வேண்டும்.

ஐந்தாவது, கைத்தொலைபேசியைப் பையில் வைத்துவிட வேண்டும். தோழர்கள் அருகில் வந்து கூடிப் பேசுவதையும் தவிர்க்க வேண்டும். வெயிலில் நெடுநேரம் நிற்பவரின் கவனம் தளரும். ஆகவே, குடிநீரும் முறை மாற்றி நிற்க ஆளும் கேட்டுப் பெற வேண்டும்.

வேலைத்தளத்தின் உள்ளேயும் ஆபத்து உண்டு. தார் லாரியும் மண்வாரி இயந்திரமும் பின்னோக்கி வரும்போது ஓட்டுநருக்குப் பின்புறம் தெரியாது. வழிகாட்டுபவர் ஒருவர் இன்றிப் பின்னோக்கி ஓட்டலாகாது. கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியவில்லையென்றால், அவருக்கும் நாம் தெரியவில்லை என்று கொள்க.

சட்டம் தரும் பாதுகாப்பு

1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், பாதுகாப்பான வேலைமுறையையும் பயிற்சியையும் மேற்பார்வையையும் வழங்குவது முதலாளியின் கடமை எனக் கூறுகிறது. பாதுகாப்புக்காகச் சட்டப்படி வழங்க வேண்டிய பொருள்களுக்குத் தொழிலாளியிடம் பணம் பிடிக்கலாகாது. 2022-இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்துடன் நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காதபோது, அவ்விடத்தை விட்டு விலகலாம். அதே சட்டம், தம் பாதுகாப்பிலும் பிறர் பாதுகாப்பிலும் கவனமாக இருக்கும் கடமையைத் தொழிலாளிக்கும் விதித்துள்ளது.

சொக்சோ என நாம் அறிந்த சமூகப் பாதுகாப்புத் திட்டம் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்தது. சில வாரங்களே செய்யும் வேலையாயினும், “என் பெயரில் சொக்சோ கட்டப்படுகிறதா?” என்று முதல் நாளே கேளுங்கள். விபத்துக்குப் பின் கேட்பதைவிட முன்னரே கேட்பது குடும்பத்தைக் காக்கும்.

சாலையில் செல்லும் நாம்

நாம் அனைவரும் கொடி பிடிப்பதில்லை. ஆனால், அனைவரும் சாலையில் செல்கிறோம். மோட்டார் சைக்கிளில் செல்லும் நம் இளைஞர்கள் நிற்கும் வரிசையைத் தாண்டி முன்னே வந்து, கொடியையும் பொருட்படுத்தாமல் உள்ளே நுழைவதைக் காண்கிறோம். “சிறிய வண்டிதானே, ஓரமாகப் போய்விடலாம்” என்பது அவர்கள் வாதம். எதிரே லாரி வரும்போது அந்த ஓரம் இராது. பள்ளத்தில் இருப்பவர் பக்கத்து லயத்து அண்ணனாகவோ நம் தந்தையாகவோ இருக்கக்கூடும் என்பதை நினைத்தால், இரண்டு நிமிடம் காத்திருப்பது பெரிதன்று.

அந்த இளைஞருக்கு என் பதில் இதுதான்: தம்பி, நீங்கள் சாக்கடைக்குள் குதித்தது சரியே. தவறு உங்களுக்கு முன்பே நேர்ந்துவிட்டது. முன்னெச்சரிக்கைப் பலகை இல்லை, பயிற்சி இல்லை, மறுமுனையில் நின்றவரோடு பேச வழி இல்லை. உங்கள் கையில் கொடி மட்டுமே இருந்தது. அடுத்த முறை கொடியைப் பெறுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: “பலகைகள் எங்கே? மறுமுனையில் யார்? நான் தப்பிச் செல்லும் வழி எது?” இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு கொடியைக் கையில் வாங்குங்கள்.