கையெழுத்துப் போட்டதும் கிளம்பிவிடாதீர்கள்!

கிராம சபையில் ஏரி வாய்க்காலைப் பேசவைக்கும் வழி

அக்டோபர் 2, காலை நேரம். பள்ளிக்கூடத் திடலில் ஒரு சாமியானா பந்தல், கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசை மேல் ஒரு நோட்டு. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் வரிசையாக வந்து கையெழுத்தோ கைநாட்டோ வைக்கிறார்கள். டீயும் பிஸ்கட்டும் வருகின்றன. ஒருவர் பொருள் பட்டியலை மடமடவென வாசிக்கிறார். அரை மணி நேரத்தில் கூட்டம் கலைந்துவிடுகிறது. நிலம் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கமே வருவதில்லை. 'அங்க போய் என்ன ஆகப்போகுது?' என்பதுதான் அவர்கள் கேள்வி.

அன்று மாலையே டீக்கடை பெஞ்சில் வேறு பேச்சு ஓடும். மழை பெய்தும் ஏரிக்குத் தண்ணீர் வரவில்லை, வரத்து வாய்க்காலில் பாதியைக் காணவில்லை, மடை உடைந்து மூன்று போகம் ஆகிவிட்டது என்று ஆளாளுக்குக் குறை சொல்வார்கள். காலையில் பந்தலில் பேசியிருந்தால் நோட்டில் ஏறியிருக்க வேண்டிய பேச்சு அது.

கிராம சபை என்பது ஊராட்சித் தலைவர் நடத்திவைக்கும் விழா அல்ல. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரையும் அதன் உறுப்பினராக்கியிருக்கிறது. 18 வயது முடிந்து பட்டியலில் பெயர் சேர்ந்த பிள்ளையும் உறுப்பினர்தான், தொண்ணூறு வயது பாட்டியும் உறுப்பினர்தான். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூட்டம் நடக்க வேண்டும். பண்டிகை போன்ற காரணங்களால் தேதி தள்ளிப்போவதும் உண்டு.

இப்போது இதற்குக் கூடுதல் அவசியம் வந்திருக்கிறது. பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களின் கைக்குப் போனது. 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரையிலும் இதே நிலைதான். தலைவரும் வார்டு உறுப்பினரும் இல்லாத காலத்தில், ஊர் மக்கள் தங்கள் குரலில் பேசி அதை அரசுப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு மிஞ்சியிருக்கும் இடம் கிராம சபை ஒன்றுதான்.

வேலை ஒரு மாதம் முன்பே தொடங்குகிறது

பந்தலில் எழுந்து நின்று 'வாய்க்காலைத் தூர்வாருங்க' என்று சத்தம் போட்டால், 'சரி, பார்க்கிறோம்' என்ற பதிலோடு முடிந்துவிடும். எந்த வாய்க்கால், எந்தப் புல எண், யாருடைய பொறுப்பு என்ற மூன்றும் கையில் இருந்தால் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது.

புல எண்ணைக் கண்டுபிடிப்பது இன்று கஷ்டமில்லை. அரசின் நில ஆவண இணையச் சேவையில் 'அ' பதிவேட்டு விவரத்தைப் பார்க்கலாம். அந்த நிலம் வாய்க்கால் புறம்போக்கா, ஓடையா, ஏரியா என்பது அதில் இருக்கும். புல வரைபடத்தில் அளவுகள் இருக்கும். பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடும். அந்தத் தாளோடு நான்கைந்து பேர் வாய்க்கால் கரையில் நடந்து, எங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே வரப்பு உள்ளே வந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, செல்போனில் படமும் எடுத்துவைக்க வேண்டும். வரப்பை உள்ளே தள்ளியவர் சொந்தக்காரராகவே இருந்துவிடுவதும் உண்டு. கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்துவதைவிட, முன்னாடியே அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. ஊரில் பாதித் தகராறு அங்கேயே முடிந்துவிடும்.

யாருடைய பொறுப்பு என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத்துறையின் கையில் இருக்கும். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் கையில். ஒன்றிய ஏரிக்கு நீர்வளத்துறையில் மனு கொடுத்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஊர்கள் உண்டு. ஆக்கிரமிப்பை அளந்து எல்லை காட்டுவது வருவாய்த்துறை வேலை. அதனால் தீர்மானத்தின் நகல் தாசில்தாருக்கும் போக வேண்டும்.

அடுத்தது ஆள் திரட்டுவது. கூட்டம் செல்ல வேண்டுமானால் குறைவெண் வரம்பு என்ற அளவுக்கு ஆள் வர வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கையை நிரப்பத்தான் நூறு நாள் வேலைப் பெண்களை அழைத்து வருகிறார்கள். வந்து உட்கார்ந்த அந்தப் பெண்கள், ஆண்கள் கிளம்பிய பிறகும் எழுந்து குடிநீர்க் குழாயைப் பற்றிக் கேள்வி கேட்ட ஊர்களும் இருக்கின்றன.

கூட்ட அறிவிப்பு 7 நாட்களுக்கு முன்பே வர வேண்டும். இடமும் முக்கியம். மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் கிராம சபையை நடத்தக்கூடாது, குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்பது அரசின் அறிவுரை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால், காலனித் தெருக்காரர்கள் ஓரமாக நிற்க வேண்டியிருக்கும், அல்லது வராமலே இருந்துவிடுவார்கள். வாய்க்காலின் கடைமடையில் நிலம் இருப்பது பல ஊர்களில் அவர்களுக்குத்தான். தண்ணீர் வராத கஷ்டம் முதலில் தெரிவதும் அவர்களுக்குத்தான். அவர்கள் இல்லாமல் எழுதப்படும் ஏரித் தீர்மானத்தில் பாதி உண்மை விடுபட்டுப்போகும்.

நோட்டில் ஏறியதா?

தீர்மான வாசகத்தை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போவது நல்லது. பெரிய இலக்கணம் ஒன்றும் தேவையில்லை. 'இந்த ஊராட்சியில், இந்தப் புல எண்ணில் உள்ள ஏரி வரத்து வாய்க்கால், இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை தூர்ந்துள்ளது. வருவாய்த்துறை மூலம் அளந்து எல்லைக்கல் நடவும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் தூர்வாரவும் இக்கிராம சபை தீர்மானிக்கிறது' என்ற அளவு போதும். ஐம்பது பேர் கையெழுத்தோடு ஒரு பிரதியை மேசையில் கொடுத்து, இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றியத்திலிருந்து கூட்டத்தைக் கவனிக்க அனுப்பப்படும் பற்றாளரிடமும் சொல்லிவைக்கலாம்.

வருகைப் பதிவு நோட்டில் போடும் கையெழுத்து வேறு, தீர்மானத்துக்குக் கீழே போடும் கையெழுத்து வேறு. தீர்மானப் பக்கம் வெறுமையாக இருக்கும்போது யாரும் கையெழுத்துப் போடக்கூடாது. எழுதி முடித்து, உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே போட வேண்டும். 'நேரமாச்சு, அப்புறம் எழுதிக்கலாம்' என்று சொன்னால், இருபது பேர் உட்கார்ந்தே இருந்தால் போதும், நோட்டு திறக்கும்.

தீர்மான நகல் கேட்டுத் தரவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பதிவு அஞ்சலில் ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தாலும் மனுவைத் திருப்பி அனுப்ப முடியாது. 5 நாட்களுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். 'ஏன் செய்யவில்லை?' என்று எழுதினால் பதில் வராது. 'இந்தத் தேதியில் நிறைவேறிய தீர்மானத்தின் மீது எடுத்த நடவடிக்கையின் நகல் வேண்டும்' என்று ஆவணமாகக் கேட்க வேண்டும்.

நகல் கைக்கு வந்ததும், அதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதம்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு எடுத்துப்போகலாம். நீர்வளத்துறை, வருவாய், வேளாண்மை அதிகாரிகள் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் நாள் அது. தனி ஆள் மனுவைவிடக் கிராம சபைத் தீர்மானத்துக்கு அங்கே கனம் அதிகம். புல எல்லைச் சிக்கல் என்றால், ஆண்டுக்கொருமுறை தாலுகாவில் நடக்கும் ஜமாபந்தியிலும் கொடுக்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிராம சபை தீர்மானம் போட்டாலே எல்லாத் துறையும் கட்டுப்பட்டுவிடும் என்பது இல்லை. எட்டு வழியாகப் போராடியும் அசையாத தீர்மானங்கள் ஒன்றிய அலுவலக அலமாரிகளில் கிடக்கின்றன. ஆனால் ஒடிசாவின் நியம்கிரி மலையில் நடந்ததையும் மறக்க முடியாது. பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பதைக் கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வன உரிமைச் சட்டத்தின் பலம் அவர்களுக்கு இருந்தது. அந்த ஆண்டு 12 மலைக்கிராமங்களில் சபை கூடியது. டோங்ரியா கோந்த் மக்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை.

நம் ஊர் வாய்க்காலுக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்காது. ஆனால் ஒரு கூட்டத்தோடும் முடியாது. அக்டோபரில் போட்ட தீர்மானம் என்ன ஆனது என்பதை நவம்பர் 1 கூட்டத்தில் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால், 'நடவடிக்கை இல்லை' என்பதையும் அன்றைய நோட்டில் எழுதச் சொல்ல வேண்டும். ஜனவரி 26-க்கும் அதே தாளை எடுத்துக்கொண்டு அதே நான்கைந்து பேர் போக வேண்டும். டீ ஆறிப்போனாலும் பரவாயில்லை.