முதலில் பிளக் எங்கே என்று பாருங்கள்

"அண்ணை, முழுக் கரண்ட் கார் எண்டால் எனக்குப் பயமாக் கிடக்கு. பெற்றோலுக்குக் குடுத்தும் கட்டுப்படியாகேல்லை. உந்த ரண்டும் சேந்த வண்டி எடுக்கலாமோ?"

ரொறன்ரோவைச் சுற்றி ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் எந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்கப் போனாலும் இப்போது இந்தக் கேள்வி வருகிறது. என்னிடம் கேட்டவன் என் ஒன்றுவிட்ட தம்பி. ஏஜாக்ஸில் வீடு, ஸ்காபரோவில் வேலை. இரண்டு பிள்ளைகள், கூடவே அம்மா. அம்மாவுக்கு முழங்கால் நோவு என்பதால் தாழ்ந்த காரில் ஏறி இறங்க முடியாது. ஆகவே எஸ்.யூ.வி என்பது முடிவான விடயம். எந்த எஸ்.யூ.வி என்பதுதான் பாக்கி. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அவனைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள், விற்பனை நிலையத்தில் இதையெல்லாம் யாரும் ஆறுதலாக உட்கார்ந்து சொல்வதில்லை.

வண்டியின் பெயரும் நிறமும் பிறகு. இரவில் வண்டி நிற்கும் இடத்துக்குக் கை எட்டும் தூரத்தில், நீங்கள் உரிமையோடு பாவிக்கக்கூடிய ஒரு பிளக் இருக்கிறதா? இல்லையென்றால், சுவரில் கொழுவிச் சார்ஜ் செய்யும் பிளக்-இன் ஹைபிரிட்டை மறந்துவிட்டுச் சாதாரண ஹைபிரிட் எடுங்கள். இருக்கிறதென்றால் மட்டும் மேலே வாசியுங்கள்.

சாதாரண ஹைபிரிட்டிலும் பற்றரி உண்டு, மோட்டார் உண்டு. ஆனால் அந்தப் பற்றரி சின்னது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைச் சேர்த்து, வண்டி கிளம்பும்போது திருப்பிக் கொடுப்பதுதான் அதன் வேலை. டொயோட்டா ராவ்-4 ஹைபிரிட்டில் இருந்த பற்றரி ஏறத்தாழ 1.6 கிலோவாற் மணி. அதே வண்டியின் பிளக்-இன் வடிவமாக 2021 மாடலாக வந்த ராவ்-4 பிரைமில் 18.1 கிலோவாற் மணி. பத்து மடங்குக்கும் மேல். அதனால் எஞ்சினைத் தொடாமலே 68 கிலோமீற்றர் ஓடும் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. அது தீர்ந்தால் எஞ்சின் வந்து சேர்ந்துகொள்ளும், வண்டி சாதாரண ஹைபிரிட்டாகிவிடும். நடுத்தெருவில் நின்றுவிடுமோ என்ற பயமே தேவையில்லை.

இப்போது பணம். தம்பி வேலைக்குப் போய் வர ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அதற்குச் சுவரிலிருந்து 12 கிலோவாற் மணி மின்சாரம் போகும். விநியோகக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து அலகுக்குப் பத்துச் சதம் என்று தாராளமாகவே வைப்போம்: 1 டொலர் 20 சதம். அதே தூரத்துக்குச் சாதாரண ஹைபிரிட் 3 லீற்றர் குடிக்கும். லீற்றர் ஒன்றரை டொலர் என்றால் நாலரை டொலர். வெறும் பெற்றோல் எஸ்.யூ.வி என்றால் நாலரை லீற்றர், ஏழு டொலருக்குக் கிட்ட. வருடத்தில் 240 வேலை நாள் என்று பெருக்கிப் பார்த்தால், பெற்றோல் வண்டியோடு ஒப்பிடும்போது 1,300 டொலர் மிச்சம். ஹைபிரிட்டோடு ஒப்பிடும்போது 800 டொலர்தான்.

அந்த 800 டொலரில்தான் தம்பியின் முகம் மாறியது. ஹைபிரிட்டுக்கும் பிளக்-இன்னுக்கும் புது வண்டியில் விலை வித்தியாசம் பத்தாயிரம் டொலரைத் தாண்டும். அதை மீட்கப் பன்னிரண்டு வருடத்துக்கும் மேல் வேண்டும். மத்திய அரசு தந்த 5,000 டொலர் ஊக்கத்தொகை இருந்தபோது கணக்கு வேறு. நிதி தீர்ந்து அந்தத் திட்டம் 2025 ஜனவரியில் நின்றது. ஒன்ராறியோ மாகாணம் தன் தொகையை 2018-லேயே நிறுத்திவிட்டது. இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை, கையெழுத்திடும் வாரத்தில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் உதவித்தொகை இல்லாமல், வெறும் காசு மிச்சத்துக்காகப் புது பிளக்-இன் எடுப்பது சரிவராது என்பதுதான் என் எண்ணம்.

பழைய வண்டி என்றால் கதை மாறும். மிட்சுபிஷி அவுட்லாண்டரின் பிளக்-இன் வடிவம் கனடாவுக்கு 2018 மாடலாக வந்தது. 12 கிலோவாற் மணிப் பற்றரி, மின்சாரத்தில் 35 கிலோமீற்றர். வேலைக்குப் போய்வரும் தூரம் அதற்குள் அடங்கும் ஒருவருக்கு, பற்றரியின் நலத்தைச் சோதித்து எடுத்த பழைய அவுட்லாண்டர் நல்ல தெரிவு. எட்டு வயதுப் பற்றரி புதிதில் ஓடிய தூரம் ஓடாது என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

இங்கே மின்சாரத்தின் விலை எந்த நேரத்தில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒன்ராறியோவில் 2023 மே மாதம் ஒரு புதிய இரவுக் கட்டணத் திட்டம் வந்தது. இரவு 11 முதல் காலை 7 வரை அலகு 2.4 சதம். வார நாள்களில் மாலை 4 முதல் 9 வரை 24 சதம், சரியாகப் பத்து மடங்கு. பிறகு இரண்டுமே ஏறிவிட்டன, ஆனால் பெரிய இடைவெளி அப்படியே இருக்கிறது. கார் வைத்திருப்பவர்களுக்கென்றே செய்தது போலிருக்கும். ஆனால் நம்முடைய வீடுகளில் அந்த நாலு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் என்ன நடக்கிறது? வேலையால் வந்து சோறு போடுகிறோம், கறி வைக்கிறோம், நாளைக்கும் சேர்த்துச் சமைக்கிறோம், உடுப்புத் தோய்க்கிறோம், காயப்போடும் மெஷினும் ஓடுகிறது. அடுப்பு காஸ் என்றால் தப்பித்தோம். கரண்ட் அடுப்பு என்றால் காரில் மிச்சம் பிடித்ததைக் குசினியில் கொடுத்துவிடுவோம். திட்டத்தை மாற்றுவதற்கு முன் வீட்டில் சமைப்பவரோடு பேசுங்கள். அவருடைய மாலை நேரத்தையும் சேர்த்துத்தான் நீங்கள் மாற்றுகிறீர்கள்.

சார்ஜ் செய்யும் வேகமும் இதோடு சம்பந்தப்பட்டது. சுவரில் இருக்கும் சாதாரண 120 வோல்ற் பிளக்கே பிளக்-இன் ஹைபிரிட்டுக்குப் போதும், இது முழு மின்காரில் எளிதில் கிடைக்காத வசதி. பழைய வீடு, 100 அம்பியர் பனல், எலெக்ட்ரீஷியனுக்குக் கொடுக்க ஆயிரக்கணக்கில் காசு என்ற கவலை இல்லை. ஆனால் அந்தப் பிளக் 1.4 கிலோவாற் அளவில்தான் தரும். ராவ்-4 பிரைமை வெறுமையிலிருந்து நிரப்ப 12 மணி நேரம். மலிவு நேரமோ எட்டு மணி நேரம். எட்டு மணி நேரத்துக்குள் ஏறுவது நாற்பத்தைந்து கிலோமீற்றர் அளவுக்கான சக்தி. பெரும்பாலான நாள்களுக்கு அது போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கராஜில் இருக்கும் பிளக் பழையதா, தளர்ந்திருக்கிறதா, அதே பிரேக்கரில் குளிர்பெட்டி ஏதும் ஓடுகிறதா என்று பாருங்கள். இரவு முழுவதும் தொடர்ந்து 12 அம்பியர் இழுப்பது சின்ன வேலையல்ல. மெல்லிய நீட்டிப்பு வயரில் கொழுவவே கூடாது.

இனிக் குளிர். ரொறன்ரோவில் இதைப் பேசாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியது போலாகும்.

குளிரில் பற்றரி தன் சக்தியை முழுதாகத் தராது. அதற்கு மேல் ஹீற்றர் இழுக்கும். பெற்றோல் வண்டியில் ஹீற்றருக்கு வரும் சூடு எஞ்சின் எப்படியும் வீணாக்கும் சூடு. மின்சாரத்தில் ஓடும்போது அந்தச் சூட்டையும் பற்றரியிலிருந்தே காய்ச்ச வேண்டும். அதனால் 68 என்று சொன்ன தூரம் ஜனவரியில் 45, 50 என்று இறங்குவது சாதாரணம். ராவ்-4 பிரைமில் வெப்பப் பம்பு இருக்கிறது, கொஞ்சம் சிக்கனம். ஆனால் வெளியே பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை அளவில் இறங்கி, உள்ளே ஹீற்றரும் போட்டால், பற்றரி நிறைந்திருந்தாலும் எஞ்சின் தானாக இயங்கத் தொடங்கும். முன்கண்ணாடிப் பனியை நீக்கும் பொத்தானை அமத்தினாலும் அப்படித்தான். புதிதாக வாங்கியவர்கள் வண்டி பழுதென்று சேர்விஸுக்குக் கொண்டோடுவது இதனால்தான். அது பழுதில்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

இதற்குப் பழக்கம் ஒன்று உண்டு. காலையில் கிளம்ப இருபது நிமிடம் இருக்கும்போது, வண்டி பிளக்கில் இருக்கையிலேயே உள்ளே சூடேற்றிவிடுங்கள். அந்தச் சூட்டின் ஒரு பகுதி சுவரிலிருந்து வரும். ஓடும்போது ஹீற்றரைக் குறைத்து, இருக்கைச் சூட்டையும் ஸ்டியரிங் சூட்டையும் போடுங்கள். அறை முழுவதையும் காய்ச்சக் கிலோவாற் கணக்கில் வேண்டும், முதுகைச் சூடாக்கச் சில பல்புகளின் சக்தி போதும். பின்னால் பிள்ளைகளோ அம்மாவோ இருந்தால் இந்தக் கஞ்சத்தனம் வேண்டாம், ஹீற்றரைப் போடுங்கள். எஞ்சின் அதற்காகத்தான் இருக்கிறது.

நெடும்பயணத்தில்தான் இந்த வண்டி முழுமையாகச் சிறக்கிறது என்பேன். மொன்றியலில் கல்யாணம். 540 கிலோமீற்றர், பனி கொட்டுகிறது, பின்னால் சாமான். முழு மின்கார் வைத்திருப்பவர் சார்ஜர் வரிசையை யோசிப்பார், நீங்கள் ஐந்து நிமிடத்தில் பெற்றோல் அடித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள்: பற்றரி தீர்ந்த பிறகு நூறு கிலோமீற்றருக்கு எவ்வளவு குடிக்கும்? விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது மின்சாரத் தூரத்தைத்தான், இந்த எண் சின்ன எழுத்தில் கிடக்கும். ராவ்-4 பிரைம் 6 லீற்றரை ஒட்டி நிற்கும். 2023 மாடலாகப் புதிதாக வந்த பிளக்-இன் அவுட்லாண்டர், மூன்றாம் வரிசை இருக்கையும் 20 கிலோவாற் மணிப் பற்றரியும் உள்ள நல்ல குடும்ப வண்டி, பற்றரி தீர்ந்தால் 9 லீற்றர் குடிக்கும். ஊருக்குள் ஓடுபவருக்கு இது பெரிதில்லை. மாதத்துக்கு இரண்டு முறை ஒட்டாவாவுக்கோ மொன்றியலுக்கோ போகிறவருக்கு மிகப் பெரிது.

401 நெடுஞ்சாலையில் ஏறும்போது ஹைபிரிட் பொத்தானை அமத்தி மின்சாரத்தைப் பத்திரப்படுத்துவதும் நல்லது. நூறுக்கு மேல் ஓடும்போது பற்றரி மளமளவென்று இறங்கும், அங்கே எஞ்சின் நன்றாக வேலை செய்யும். சேமித்த மின்சாரம் ஊருக்குள் நின்று நின்று போகும்போது உதவும்.

பிளக் இல்லாதவர்களிடம் இதை விற்பதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகள், கொண்டோவின் நிலத்தடித் தரிப்பில் விடுபவர்கள், "சார்ஜ் பண்ணாட்டியும் ஓடும்" என்ற பேச்சை நம்பி எடுத்துவிடுகிறார்கள். ஓடும்தான். இருநூறு கிலோவுக்கு மேலான கூடுதல் பாரத்தைச் சுமந்துகொண்டு, கொடுத்த காசுக்குப் பலனில்லாமல் ஓடும். ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, பிளக்-இன் ஹைபிரிட்டுகள் தெருவில் வெளியிடும் கரியமிலவாயு சோதனைக்கூடக் கணக்கைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு என்று காட்டியது. முக்கிய காரணம், எதிர்பார்த்த அளவுக்குப் பலர் சார்ஜ் செய்யவில்லை. வீட்டுக்காரரோடு பேசி, மாதம் ஒரு தொகை சேர்த்துக் கொடுத்து, பிளக் பாவிக்க எழுத்தில் சம்மதம் வாங்கினால் வேறு. வாய்ப்பேச்சை நம்பி ஐம்பதாயிரம் டொலர் வண்டி எடுக்க வேண்டாம்.

பராமரிப்பில் சில. எஞ்சின் குறைவாக ஓடினாலும் எண்ணெய் மாற்றுவது கால அளவில் வரும், விட்டுவிடாதீர்கள். தாங்கி அழுத்தத்தில் மூடியிருப்பதால் பெற்றோல் மூடியைத் திறக்கப் பொத்தானை அமத்திச் சில விநாடி காத்திருக்க வேண்டும். தெருவில் கொட்டும் உப்பு இன்னொரு பிரச்சினை. 2019 மாடல் முதல் வந்த ராவ்-4 ஹைபிரிட்டுகளில் பின் மோட்டாருக்குப் போகும் உயரழுத்தக் கேபிளின் இணைப்பு அரித்துப்போன விவகாரம் கனடாவில் பெரிதாகப் பேசப்பட்டு, டொயோட்டா அந்தப் பாகத்தின் உத்தரவாதத்தை நீட்டியது. பழையது வாங்கினால் வண்டியைத் தூக்கி அடிப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். காப்புறுதித் தொகையைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். எஸ்.யூ.வி களவு அதிகமான ஊர் இது.

"அப்ப வேண்டாம் எண்டுறியளோ?" என்று தம்பி கேட்டான். இல்லை. காசைத் தாண்டியும் காரணம் இருக்கிறது. ஒன்ராறியோ 2014-இல் நிலக்கரி மின்நிலையங்களை முழுவதுமாக மூடியது. அவன் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்திலுள்ள பிக்கறிங் உட்பட அணுநிலையங்களும் நீர்மின்சாரமும்தான் இரவில் பெரும்பாலும் ஓடுகின்றன. அந்த மின்சாரத்தில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடும்போது, வாசலில் நிற்கும் மற்றப் பிள்ளைகளின் மூக்குக்குப் புகை போகாது. வீட்டில் ஒரே வண்டிதான், கராஜில் பிளக் உண்டு, தினம் ஐம்பது கிலோமீற்றர், வருடத்தில் சில நெடும்பயணம் என்ற அவனுடைய வாழ்க்கைக்கு இது பொருந்துகிறது. 800 டொலர் கணக்கைத் தெரிந்துகொண்டே எடுத்தால் பிறகு மனம் நோகாது.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது ஒன்று செய்யச் சொன்னேன். விற்பனையாளர் பற்றரி நிறைந்த வண்டியைத்தான் தருவார், அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய் மனதை மயக்கும். ஹைபிரிட் பொத்தானை அமத்தி, 401-இன் ஏறுபாதையில் வேகமெடுத்து, எஞ்சின் சத்தம் பிடிக்கிறதா என்று கேள். திரும்பி வந்து அம்மாவைப் பின் இருக்கையில் ஏற்றி இறக்கிப் பார். பின்கதவைத் திறந்து, சார்ஜ் கேபிளும் இரண்டு அரிசிப் பையும் ஒன்றாக வைக்க இடமிருக்கிறதா என்றும் பார்த்துவிடு.