வால்ஹாலின் கடலடிக் காதுகள்

வட கடலில், நோர்வேக்குச் சொந்தமான பகுதியின் தெற்கில், வால்ஹால் என்ற எண்ணெய் வயல் இருக்கிறது. கடல் ஆழம் 70 மீட்டர்தான். எண்ணெய் ஊறிய சுண்ணப்பாறையோ ஏறத்தாழ 2,400 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. நடுவில் ஒரு வில்லங்கம்: மேலடுக்குகளில் வாயு கசிந்து தேங்கியிருக்கிறது. நிலத்தடியைப் படம் பிடிக்கக் கப்பலின் காற்றுத் துப்பாக்கி எழுப்பும் ஒலியலை அதற்குள் நுழைந்ததும் வேகமும் வலுவும் குறைந்து சிதறிவிடும். வயலின் உச்சிப்பகுதி, அதாவது எல்லோரும் பார்க்கத் துடிக்கும் இடம், படத்தில் கலங்கலாகவே விழுந்தது.

கப்பல் இழுத்துச் செல்லும் உணரி வடங்களால் இதைத் தீர்க்க முடியவில்லை. 2003-ல் பிபி நிறுவனம் சுமார் 120 கிலோமீட்டர் கேபிளைக் கடலடியில் நிரந்தரமாகப் புதைத்தது. கேபிள் நெடுகிலும் 50 மீட்டருக்கு ஓர் உணரி நிலையம். கேபிளுக்கும் கேபிளுக்கும் இடையே 300 மீட்டர்.

தரையைத் தொட்டுக்கொண்டிருப்பதில்தான் சூட்சுமம். பாறையைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு போகும் குறுக்கலை தண்ணீரில் பயணிக்காது. மிதக்கும் உணரிக்கு அது எட்டவே எட்டாது. ஆனால் வாயு அதை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. அதனால் ஒவ்வொரு நிலையத்திலும் நீரின் அழுத்த மாற்றத்தைக் கேட்கும் ஒரு ஹைட்ரோபோனோடு, மூன்று திசை அசைவுகளையும் பதிய மூன்று உணரிகள்.

இடைவெளிக்கும் கணக்கு உண்டு. ஓர் அலைநீளத்துக்குள் குறைந்தது இரண்டு இடங்களில் கேட்டாக வேண்டும். நிலத்தில் நடக்கும் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள்: நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் தவழும் மேற்பரப்பு அலை 20 ஹெர்ட்ஸில் இருந்தால் அலைநீளம் 15 மீட்டர். நில அசைவைப் பதியும் ஜியோபோன்களை 7.5 மீட்டருக்கு மேல் விலக்கி வைத்தால், அந்த அலை ஆழத்திலிருந்து வந்த எதிரொலிபோல வேஷம் போடும். அப்படியானால் வால்ஹாலின் 300 மீட்டர்? ஒலி எழுப்பும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் பதிவு மாறாது என்ற விதி கைகொடுக்கிறது. உணரியைப் புதைப்பதுதான் செலவு. அவை தள்ளித் தள்ளி இருந்தாலும், கப்பல் நெருக்கமாகச் சுட்டுக்கொண்டே போனால் போதும்.

ஒலி எழுப்பும் இடத்துக்கும் உணரிக்கும் இடையே தொலைவும் வேண்டும். ஆழத்தில் வளைந்து மேலே திரும்பும் அலைகள் வெகுதூரம் தள்ளித்தான் தலைகாட்டும். அவற்றையும் தாழ்ந்த அதிர்வெண்களையும் கொண்டு கணினியில் உருவாக்கிய படம் 2010-ல் வெளியானது. வாயு மண்டலத்தின் உருவமும், ஆழமில்லாத அடுக்கில் புதைந்த பழைய நீர்த்தடங்களும் அதில் தெளிவாகத் தெரிந்தன.

உணரிகள் இடம் மாறாததில் இன்னொரு லாபமும் உண்டு. எண்ணெய் எடுக்க எடுக்கச் சுண்ணப்பாறை அமுங்குகிறது, கடலடியே மீட்டர்க்கணக்கில் இறங்கியிருக்கிறது. சில மாத இடைவெளியில் எடுத்த இரண்டு பதிவுகளை ஒப்பிட்டால், தெரியும் வேறுபாட்டில் பெரும்பகுதி பாறையினுடையது.