பாயும் குதிரைக்குப் போட்டி

ஒரு கடையில் பழகிப்போன வாடிக்கையாளரை இன்னொரு கடைக்கு அழைத்துச் செல்வது எளிதன்று. விலையைக் குறைத்தால் சிலர் வருவர். ஆனால், அவர் விலையைப் பற்றிக் கவலைப்படாதவராக இருந்தால்? தம்மிடம் உள்ள பொருளே உலகில் சிறந்தது என்று நம்புபவராகவும் இருந்தால்? அவரை எதைக் காட்டி அழைப்பது?

இத்தாலி நாட்டு ஃபெராரி கார்களை வாங்குவோர் இத்தகையவர்கள். 1947ஆம் ஆண்டில் ஃபெராரி என்ற பெயருடன் முதல் கார் வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே பந்தயக் களங்களில் அதற்கெனத் தனிப் புகழ் ஏற்பட்டது. பாயும் குதிரைச் சின்னம் பொறித்த காரை ஒருமுறை வாங்கியவர் மறுமுறையும் அதையே வாங்கினார். இவர்களைத் தம் பக்கம் இழுக்க முயன்ற இருவரைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம். ஒருவர் இத்தாலியில் டிராக்டர் செய்தவர். மற்றொன்று மோட்டார் சைக்கிளால் உலகப் புகழ் பெற்ற ஜப்பானிய நிறுவனம். இருவரும் நம்பியது விளம்பரத்தை மட்டும் அன்று. கல்லூரி முதலாண்டில் நாம் படிக்கும் இயற்பியலையும் நம்பினார்கள்.

கிளட்ச் தந்த கோபம்

ஃபெருச்சியோ லாம்போர்கினி 1916இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எஞ்சிக் கிடந்த இராணுவ வண்டிகளின் பாகங்களைக் கொண்டு டிராக்டர் செய்யத் தொடங்கிச் செல்வரானவர். அவரிடம் ஃபெராரி கார்கள் இருந்தன. அவற்றின் கிளட்ச் அடிக்கடி பழுதானதாகவும், அதை என்ஸோ ஃபெராரியிடம் முறையிட்டபோது, டிராக்டர் ஓட்டுபவருக்கு இந்தக் காரை ஓட்டத் தெரியவில்லை என்ற பொருள்பட அவர் பதில் சொன்னதாகவும் லாம்போர்கினியே பிற்காலத்தில் கூறினார். கதையில் எவ்வளவு மெருகு ஏறியதோ, நாம் அறியோம். ஆனால் விளைவை அறிவோம். 1963இல் சான்ட்டகட்டா போலொன்யேசே என்ற ஊரில் அவர் தமது சொந்தக் கார் தொழிற்சாலையை நிறுவினார். மேலைநாட்டுச் சோதிடப்படி அவருடையது ரிஷப ராசி. ஆகவே குதிரைக்கு எதிராக எருது சின்னமாயிற்று.

1964இல் விற்பனைக்கு வந்த அவருடைய முதல் கார் நல்ல கார்தான். ஆனால் அதன் அமைப்பு பழகிய அமைப்பே. இயந்திரம் முன்பக்கத்தில் இருந்தது. நல்ல கார் ஏற்கெனவே வைத்திருப்பவர், இன்னொரு நல்ல காருக்காக எதற்கு மாற வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தந்தவர்கள் அத்தொழிற்சாலையில் பணிபுரிந்த மூன்று இளைஞர்கள். டல்லாரா, ஸ்டான்சானி, வாலஸ் என்ற அம்மூவரில் எவருக்கும் அப்போது முப்பது வயது நிரம்பவில்லை. இயந்திரத்தை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்கு முன்னால் வைத்தால் என்ன என்று அவர்கள் எண்ணினார்கள்.

இரண்டு தேங்காய்ச் சோதனை

இயந்திரத்தின் இடத்தை மாற்றினால் என்ன பயன்? இதை நீங்களே உணர்ந்து பார்க்கலாம். இரண்டு முழம் நீளமுள்ள மூங்கில் கழி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு தேங்காயைக் கட்டுங்கள். கழியின் நடுவில் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை இடமும் வலமுமாக விரைந்து திருப்புங்கள். கழி எளிதில் திரும்பாது. திரும்பிய பின் எளிதில் நிற்கவும் செய்யாது. இப்போது அதே தேங்காய்களை உங்கள் கைக்கு அருகில் நகர்த்திக் கட்டித் திருப்புங்கள். எடை சிறிதும் மாறவில்லை. ஆனால் கழி சொன்னபடி கேட்கிறது!

சுழற்சியை எதிர்க்கும் இப்பண்பை நிலைமத் திருப்புத்திறன் என்கிறோம். பொருளின் நிறையை, சுழலச்சிலிருந்து அது உள்ள தூரத்தின் இருமடியால் பெருக்க இது கிடைக்கும். 250 கிலோகிராம் எடையுள்ள இயந்திரம் காரின் நிறை மையத்திலிருந்து 1.2 மீட்டர் தூரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அதன் பங்கு 250 × 1.44, அதாவது 360 கிலோகிராம் சதுரமீட்டர். அதே இயந்திரம் 0.6 மீட்டர் தூரத்தில் இருந்தால் 250 × 0.36, அதாவது 90 மட்டுமே. தூரம் பாதியானால் எதிர்ப்பு கால்பங்காகிறது. ஒரே திருப்பு விசைக்கு, திருப்புத்திறன் குறைந்த கார் விரைவாகத் திரும்பும். வளைவில் ஓட்டுநர் உணர்வது இதைத்தான்.

1966 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் இவ்வமைப்புடன் மியூரா என்ற கார் வெளிவந்தது. 12 சிலிண்டர் இயந்திரம் நீளமானது. அதை நெடுக்குவாட்டில் வைத்தால் கார் மிக நீண்டுவிடும். எனவே அதைக் குறுக்குவாட்டில் வைத்து, பற்சக்கரப் பெட்டியையும் இயந்திரத்துடன் ஒரே வார்ப்பாகச் செய்திருந்தனர். ஃபெராரியிடம் இல்லாத ஒன்று இப்போது லாம்போர்கினியிடம் இருந்தது.

என்ஸோ ஃபெராரி இதை அறியாதவரா? அறிந்தவரே. வண்டியை எருது இழுக்குமேயன்றித் தள்ளாது என்று அவர் முன்பு சொன்னதாகக் கூறுவர். ஆயினும் 1961இல் அவருடைய நிறுவனமே பின்புற இயந்திரம் கொண்ட பந்தயக் காரால் உலகப் பட்டம் வென்றது. ஆனால் அதே அமைப்பைப் பெரிய 12 சிலிண்டர் இயந்திரத்துடன் வாடிக்கையாளர் கையில் கொடுக்க அவர் தயங்கினார். அத்தயக்கத்துக்கும் இயற்பியலில் இடம் உண்டு. தேங்காய்ச் சோதனையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். எளிதில் திரும்பும் கழி, தவறான பக்கமும் எளிதில் திரும்பும். ஈரச் சாலையில் பின் சக்கரம் வழுக்கினால் அத்தகைய கார் விரைவாகச் சுழன்றுவிடும். ஓட்டுநருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. மியூராவிலும் குறை இருந்தது. மிகு வேகத்தில் காற்று அதன் முன்பகுதியைத் தூக்க முயன்றது. பெட்ரோல் தொட்டியோ முன்புறம் இருந்தது. பெட்ரோல் தீரத் தீர முன்பகுதி இன்னும் இலேசாகி, முன் சக்கரங்களின் பிடிப்புத் தளர்ந்தது.

எனினும் வாடிக்கையாளரின் கண் அப்பக்கம் திரும்பிவிட்டது. 12 சிலிண்டர் இயந்திரத்தை நடுவில் கொண்ட சாலைக் காரை 1973இல் ஃபெராரியும் விற்கத் தொடங்கியது.

கிழக்கிலிருந்து ஓர் அறைகூவல்

1980களில் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் வேறொரு கேள்வியைக் கேட்டது. ஃபெராரி வாங்குபவர் அதன் வேகத்துக்காக எவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்கிறார்? கடினமான கிளட்ச், சாலை சரியாகத் தெரியாத இருக்கை, அடிக்கடி தேவைப்படும் பராமரிப்பு. இவை இல்லாமலே அதே வேகத்தைத் தர முடியுமா? இதற்கு விடையாக என்.எஸ்.எக்ஸ் என்ற காரை அந்நிறுவனம் 1989இல் சிக்காகோ கண்காட்சியில் காட்டி, 1990இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இதிலும் இயந்திரம் நடுவிலேயே இருந்தது. ஆனால் 6 சிலிண்டர், 3 லிட்டர் கொள்ளளவு மட்டுமே. அமெரிக்காவில் விற்ற காரின் திறன் 270 குதிரைத்திறன். அன்றைய போட்டிக் காரான ஃபெராரி 348இல் 8 சிலிண்டர், 300 குதிரைத்திறன். திறனில் பின்தங்கியவர் எதில் ஈடு செய்வது? எடையில்தான். முடுக்கம் என்பது விசையை நிறையால் வகுத்தது. விசையைக் கூட்ட முடியாவிடில் நிறையைக் குறைக்க வேண்டும். எனவே காரின் உடல் முழுவதையும் அலுமினியத்தால் செய்தனர். தொடர்ந்து உற்பத்தி செய்து விற்கப்பட்ட கார்களில் இத்தகைய அலுமினிய உடற்கூடு பெற்றது இதுவே முதல்.

அலுமினியப் புதிர்

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு புதிர் இருக்கிறது. எஃகின் அடர்த்தி தண்ணீரைப்போல் 7.8 மடங்கு, அலுமினியத்தின் அடர்த்தி 2.7 மடங்கு. அலுமினியம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடைதான். ஆனால் அதன் யங் குணகமும் எஃகினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. அதாவது எடையில் மூன்று மடங்கு இலேசு. நீட்சியில் மூன்று மடங்கு இளக்கம். லாபமும் நட்டமும் சரியாகப் போய்விட்டன அல்லவா? பின் அலுமினியத்தால் என்ன பயன்?

விடை தடிப்பில் இருக்கிறது. இரண்டு அஞ்சலட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரு புத்தகங்களுக்கிடையே பாலம்போல் அமையுங்கள். நடுவில் சில நாணயங்களை வைத்து, எவ்வளவு வளைகிறது என்று பாருங்கள். பிறகு அவ்விரு அட்டைகளையும் முழுப் பரப்பிலும் பசையிட்டு ஒட்டி, நன்றாக உலர்ந்தபின் அதே நாணயங்களை வையுங்கள். வளைவு வெகுவாகக் குறைந்திருக்கும். ஒட்டாத இரண்டு அட்டைகளின் விறைப்பு ஓர் அட்டையைப்போல் இரு மடங்கு. ஒட்டியதோ, தடிப்பு இரட்டித்த ஒரே அட்டை. தகட்டின் விறைப்புத் தடிப்பின் மும்மடியைப் பொறுத்தது. ஆகவே அது எட்டு மடங்கு!

எஃகுத் தகட்டைப்போலவே வளைவை எதிர்க்க, அலுமினியத் தகடு மூன்று மடங்கு தடிப்பாக இருக்கத் தேவையில்லை. 1.42 மடங்கு போதும், ஏனெனில் 1.42இன் மும்மடி ஏறத்தாழ 2.9. அத்தகட்டின் எடை எஃகுத் தகட்டின் எடையில் பாதிதான். ஆனால் காரின் எல்லாப் பாகங்களும் வளைவை மட்டுமே தாங்குவதில்லை. நேரே இழுபடும் பாகங்களில் இந்த லாபம் கிடைக்காது. எனவே மொத்த லாபம் பாதிக்குக் குறைவாகவே இருக்கும். என்.எஸ்.எக்ஸ் காரின் உடற்கூடு 210 கிலோகிராம். எஃகில் செய்திருந்தால் ஏறத்தாழ 140 கிலோகிராம் கூடியிருக்கும். அதாவது ஐந்தில் இரண்டு பங்கு மிச்சம். நமது கணக்கு காட்டும் எல்லைக்குள் அது அடங்குவதைக் காணலாம்.

விறைப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? வளைவில் உடற்கூடு முறுக்கிக்கொண்டால், சக்கரங்கள் திட்டமிட்ட கோணத்தில் சாலையைத் தொடமாட்டா. 1989இல் பந்தய வீரர் அயர்ட்டன் சென்னா, சுசூக்கா களத்தில் முன்மாதிரிக் காரை ஓட்டிப் பார்த்து, அது சற்றுத் தளர்வாகத் தோன்றுவதாகச் சொன்னார். பொறியியலாளர்கள் மனம் சோரவில்லை. உடற்கூட்டின் விறைப்பை ஏறத்தாழ 50 சதவீதம் உயர்த்தினார்கள்.

நிமிடத்துக்கு 8,000 சுழற்சி

சிறிய இயந்திரம் மிகுந்த திறன் தர வேண்டுமானால் வேகமாகச் சுழல வேண்டும். திறன் என்பது திருப்பு விசையும் கோண வேகமும் பெருக்கக் கிடைப்பதல்லவா? இந்த இயந்திரம் நிமிடத்துக்கு 8,000 முறை சுழன்றது. பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 78 மில்லிமீட்டர். அதைச் சீரிசை இயக்கமாகக் கொண்டு கணக்கிட்டால், உச்சியில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 2,800 மடங்கு வரும். 100 கிராம் பொருள் அங்கே 280 கிலோ எடைபோல் இழுக்கும்! எனவே பிஸ்டனைப் பிடித்திருக்கும் இணைப்புத் தண்டை எஃகுக்குப் பதிலாக, அதைவிட மிக இலேசான டைட்டானியத்தால் செய்தனர். தண்டின் எடை குறைய, அதுவே தன்னைப் பிய்த்துக்கொள்ள முயலும் விசையும் குறைந்தது.

யார் வென்றார்?

அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஹோண்டா தன் நோக்கத்தில் பெரிதும் வென்றது எனலாம். புகழ்பெற்ற கார் வடிவமைப்பாளரான கார்டன் மர்ரி, 1992இல் வெளிவந்த மக்லாரன் எஃப்-1 காரை உருவாக்கியபோது, நாள்தோறும் ஓட்டத்தக்க நல்ல காருக்கு என்.எஸ்.எக்ஸ் காரையே முன்மாதிரியாகக் கொண்டார். ஆனால் ஃபெராரி வாடிக்கையாளர்கள் கூட்டமாக வந்து சேரவில்லை. 2005இல் உற்பத்தி நிற்கும்வரை, பதினைந்து ஆண்டுகளில் விற்றவை ஏறத்தாழ 18,000 கார்களே. எடையையும் விறைப்பையும் அளக்க அலகு உண்டு. ஒரு பெயரின்மீது மனிதன் வைக்கும் பற்றை அளக்க அலகு இல்லை. பழைய பந்தய வெற்றிகள், அந்த இயந்திரத்தின் ஒலி, தந்தை வைத்திருந்த கார் என்ற நினைவு இவையெல்லாம் எந்தச் சமன்பாட்டிலும் வருவதில்லை.

அப்படியானால் அந்த உழைப்பு வீணா? மேலும் நடந்ததைப் பாருங்கள். 1991இல் ஃபெராரியின் தலைவராக வந்த மோன்டெசெமோலோ, தம் நிறுவனத்தின் 348 காரில் குறைகள் இருப்பதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். 1994இல் அதைவிட மிகவும் திருந்திய கார் வெளிவந்தது. 1999இல் வந்த ஃபெராரி 360 காரின் உடற்கூடு அலுமினியம்! முந்தைய காரினுடையதைவிட அது 28 சதவீதம் இலேசு, 40 சதவீதம் விறைப்பு மிகுதி என்று அந்நிறுவனம் அறிவித்தது. இதற்கு ஹோண்டா ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 1973இல் நிகழ்ந்ததே மீண்டும் நிகழ்ந்ததைக் காண்கிறோம். தம் கடையை விட்டு நகராத வாடிக்கையாளருக்கும் போட்டியாளரின் அறிவியல் வந்து சேர்ந்தது.

இக்கார்களை நம்மில் பெரும்பாலோர் வாங்கப்போவதில்லை. ஆனால் அவற்றை இயக்கும் விதிகள் எல்லோருக்கும் பொதுவானவை. இன்று மூங்கில் கழியையும் இரண்டு அஞ்சலட்டைகளையும் எடுத்துச் சோதித்துப் பாருங்கள். மியூராவை வரைந்த இளைஞர்களும் என்.எஸ்.எக்ஸ் காரைச் செய்த பொறியியலாளர்களும் நம்பிய அதே விதிகள் உங்கள் கையில் வேலை செய்வதைக் காண்பீர்கள்.