தம்பானூர் தண்ணீரின் கணக்கைக் கேளுங்கள்

நாகர்கோவில் பஸ்ஸிலோ கன்னியாகுமரி ரயிலிலோ திருவனந்தபுரம் போகிற பெரும்பாலோர் இறங்குவது தம்பானூரில். ஒரு பக்கம் பஸ் நிலையம், எதிரே ரயில் நிலையம். மண்டல புற்றுநோய் மையத்துக்கு வீட்டாளை அழைத்து வருகிறவர்களும் சாலைக் கடைத்தெருவுக்குச் சரக்கெடுக்க வருகிறவர்களும் இந்த வழியாகத்தான் போகவேண்டும். ஒரு மணி நேரம் அடைமழை பிடித்தால் ரோடு எது, ஓடை எது என்று தெரியாது. இங்கே மழைத் தண்ணீர் தேங்குவது எல்லோருக்கும் பழகிப்போயிற்று. பழகிப்போனதுதான் ஆபத்து.

“தம்பானூர் பள்ளமான இடம், தண்ணீர் நிற்கத்தானே செய்யும்” என்கிறார்கள். பள்ளம் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு மழைக்கு, எத்தனை நிமிடத்தில், எந்த இடத்தில், எவ்வளவு ஆழம் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். நீரியல் அறிஞர்கள் செய்யும் வேலையே அதுதான். அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கச் சட்டம் நமக்கு உரிமை தந்திருக்கிறது. கேட்கிறவர்கள்தான் குறைவு.

அது மிரட்டும் கணக்கல்ல. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 10 லட்சம் லிட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால் 5 கோடி லிட்டர். தோப்பும் புல்வெளியுமான நிலத்தில் இதில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கிவிடும். கான்கிரீட்டும் தாரும் மூடிய நகரத்தில் 80 விழுக்காடு ஓடிவருகிறது என்று வையுங்கள்: நொடிக்குச் சுமார் 11,000 லிட்டர். இனி ஓடையைப் பார்ப்போம். 4 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், நொடிக்கு 1.4 மீட்டர் வேகம் என்றால் இந்தத் தண்ணீரை அது தாங்கிக்கொள்ளும். பாதி ஆழத்துக்கு மண் தூர்ந்துவிட்டால்? பாதித் தண்ணீராவது போகும் என்று நினைப்போம். போகாது. ஆழம் குறையும்போது தரையும் சுவரும் உரசி வேகமும் குறைகிறது. போவது 40 விழுக்காட்டுக்கும் கீழே. மீதி ரோட்டுக்கு ஏறும். இது எடுத்துக்காட்டுக்கான அளவுதான். உண்மையான ஓடைக்கு உண்மையான அளவு எடுத்தாகவேண்டும்: குறுக்கே கயிறு கட்டி, ஓடையைப் பல பத்திகளாகப் பிரித்து, ஒவ்வொரு பத்தியிலும் ஆழம் பார்த்து, மேற்பரப்பிலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு இறக்கி நீரோட்டமானியை வைத்து வேகம் குறித்து, பரப்பையும் வேகத்தையும் பெருக்கிக் கூட்டவேண்டும். அந்த எண்களைக் கணினி மாதிரியில் ஊட்டினால், நாளைக்கு 80 மி.மீ. பெய்தால் எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்று இன்றைக்கே சொல்லலாம்.

தம்பானூரின் ஓடை ஆமையிழஞ்சான் தோடு. வானாய்வுக்கூடக் குன்றுப் பக்கம் தொடங்கி, ரயில் நிலையத்துக்கு அடியில் புகுந்து, தகரப்பறம்பு, வஞ்சியூர், பாற்றூர், கண்ணம்மூலை வழியாக ஆக்குளம் காயலில் சேர்கிறது. அந்தக் குன்றில் சுவாதித் திருநாள் காலத்தில், 1837இல், வானாய்வுக்கூடம் நிறுவினார்கள். இன்றைய வானிலை மையமும் அங்கேதான் இருக்கிறது. மழையை அளப்பதில் இவ்வளவு நீண்ட மரபுள்ள குன்றின் அடிவாரத்தில், அந்த மழையைச் சுமக்கும் ஓடை எவ்வளவு கொள்ளும் என்ற எண் மட்டும் ஊருக்குத் தெரியவில்லை.

தெரியாததற்கு ஓர் உயிர் விலையாகப் போயிற்று. 2024 ஜூலை 13ஆம் தேதி, ரயில் பாதைகளுக்கு அடியில் ஓடும் பகுதியில் குப்பை அள்ள இறங்கிய துப்புரவுத் தொழிலாளியை, மழையில் திடீரென்று பெருகிய வெள்ளம் இழுத்துக்கொண்டது. தீயணைப்புத் துறையினரும் முக்குளிப்பவர்களும் பிளாஸ்டிக் மலைக்குள் புகுந்து தேடினார்கள். ஜூலை 15 காலை, கீழே தகரப்பறம்புப் பக்கத்தில் உடல் கிடைத்தது. அந்த இருண்ட பகுதியின் நீளம் சுமார் 117 மீட்டர்தான். அதைச் சுத்தம் செய்யும் பொறுப்பு யாருடையது என்று ரயில்வேயும் மாநகராட்சியும் ஒன்றையொன்று கைகாட்டின. கேரள உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது.

நகர ஓடையில் வெள்ளம் வர ஆற்றைப்போல் மணிக்கணக்கு ஆகாது. மேலே பெய்த மழை கீழே வந்து சேரும் நேரம் சில பத்து நிமிடங்கள்தான். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை வந்து அடிக்கும். அதனால் ஓடையில் ஆள் இறங்குகிறார் என்றால் மேல்பகுதியில் மழை பார்க்க ஒருவர், எச்சரிக்க ஒரு தொடர்பு, இடுப்பில் கயிறு, வெளியேற ஒரு வழி, இவை கட்டாயம் வேண்டும். சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடை வேலையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20இல் உத்தரவிட்டது. இது ஓடை, சாக்கடை அல்ல என்று வாதம் வரக்கூடும். நகரத்துக் கழிவையெல்லாம் சுமக்கும் ஓடைக்கு அந்த வாதம் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. ஒப்பந்தக்காரர் சொல்கிறார் என்பதற்காக மழை நாளில் இறங்கவேண்டிய கட்டாயம் எந்தத் தொழிலாளிக்கும் இல்லை.

ஓடையைத் தூர்வாரினால் மட்டும் வெள்ளம் வடிந்துவிடுமா? ஆக்குளம் காயலும் அதற்கு இடம் கொடுக்கவேண்டும். ஆக்குளம், வேளி காயல் கடலைத் தொடும் பொழிமுகத்தை அலைகள் மணல் தள்ளி அடைத்துவிடும். பொழி மூடிக் கிடக்கையில் காயல் மட்டம் உயரும். உயர்ந்த காயலுக்குள் ஓடைத் தண்ணீர் இறங்காமல் பின்னோக்கித் தேங்கும். 2023 அக்டோபர் 14, 15 தேதிகளில் நகரம் மூழ்கியபோது கண்ணம்மூலைப் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. காயலில் சேரும் ஓடைகளின் கரையில்தான் அடி பலமாக விழுந்தது. பொழியை எப்போது வெட்டவேண்டும் என்பதற்குக் காயல் மட்டம், கடல் ஏற்றம், வரப்போகும் மழை மூன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். வெள்ளம் வந்தபின் பொக்லைன் அனுப்புவது மேலாண்மை ஆகாது. தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் அந்த ஆக்குளத்திலேயே இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை.

2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில், பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 தந்த அதிகாரத்தைக் கொண்டு, ஓடைகளின் மேலிருந்த ஆக்கிரமிப்புகளை அகற்றினார்கள். தம்பானூரில் தண்ணீர் வடியும் வேகம் கூடியதை ஊரே பார்த்தது. பிறகு அந்தப் பணி முழுமையாகாமலே தளர்ந்தது. அதிகாரம் இருந்தால் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

நிலத்தடி நீரைப் பற்றியும் ஒரு சொல். கழிவு சுமக்கும் ஓடைக்கரையில் கிணறு வைத்திருப்பவர்கள், வெள்ளம் வடிந்ததும் கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று குடிக்கக்கூடாது. கோலிஃபார்ம் கிருமி கண்ணுக்குத் தெரியாது. 1,000 லிட்டருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் கலந்து, பிறகு பரிசோதனை செய்து, கொதிக்கவைத்துத்தான் பயன்படுத்தவேண்டும். வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு. காய்ச்சல், தசைவலி என்றால் கடைமருந்தில் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் போய், வெள்ளத் தண்ணீரில் நடந்தேன் என்று சொல்லுங்கள். கடற்கரைப் பக்கத்துக் கிணறுகளுக்கு வேறு சிக்கல்: நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால் அடியில் சுமார் 40 மீட்டர் நன்னீர் நிற்கும், மோட்டார் போட்டு அந்த 1 மீட்டரை இறைத்துவிட்டால் உப்பு மேலே ஏறிவிடும். லட்சத்தீவில் இந்த அச்சத்தால்தான் மக்கள் வழக்குப் போட்டார்கள். 1990இல், அட்டக்கோயா தங்கள் வழக்கில், நல்ல தண்ணீர் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லி, இறைக்கும் திட்டத்தை அறிவியல் ஆய்வுக்கு உட்படுத்தச் சொன்னது. நீரியல் கணக்கு நீதிமன்றத்தில் எடுபடும் என்பதற்கு இது நம் பக்கத்து முன்னுதாரணம்.

“நிதி இல்லை” என்பது நகராட்சிகளின் வழக்கமான பதில். மத்தியப் பிரதேசத்து ரத்லாம் நகராட்சி இதே பதிலைச் சொன்னபோது, பாலக்காட்டுக்காரரான உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1980இல் அதை ஏற்க மறுத்தார். சாக்கடையைச் சரிசெய்வது நகராட்சியின் கடமை. பணமில்லை என்பது சாக்கு ஆகாது. ரத்லாம் மக்கள் அப்போது பிடித்த சட்டப்பிரிவு, பொதுத்தொல்லையை நீக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தரும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. அந்த மாஜிஸ்திரேட் அதிகாரமுள்ள சப் கலெக்டரிடமே மனு கொடுக்கலாம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அங்கே போவதானால் பிரச்சினை எழுந்து 6 மாதத்துக்குள் போகவேண்டும், இழப்பீடு கேட்பதானால் 5 ஆண்டுக்குள்.

எங்கே போனாலும் கையில் எண் வேண்டும். “தண்ணீர் நிற்கிறது” என்று எழுதினால் கோப்பில் உறங்கும். தேதி, மழை தொடங்கிய நேரம், தண்ணீர் ஏறிய நேரம், சுவரில் ஈரம் நின்ற உயரம், வடிய எடுத்த நேரம் இவற்றைப் படத்தோடு குறித்து வையுங்கள். ஆய்வாளருக்கே அது தேவைப்படும் தகவல். வானிலை மையத்தின் ஆரஞ்சு எச்சரிக்கை 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மி.மீ. வரையிலான மழையைக் குறிக்கிறது. தம்பானூரை மூழ்கடிப்பதோ ஒரு மணி நேர மழை; அதற்கும் கீழான மஞ்சள் எச்சரிக்கை நாளிலும் அது வரலாம். மஞ்சள் எச்சரிக்கைதானே என்று கடைச்சரக்கைத் தரையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அவசரத்துக்கு 1077ஐ அழையுங்கள்.

பிறகு 10 ரூபாய் கட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: இந்த ஓடை நொடிக்கு எத்தனை கனமீட்டர் தண்ணீருக்கு வடிவமைக்கப்பட்டது? எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழையைக் கணக்கில் எடுத்தார்கள்? குறுக்குவெட்டு அளவு கடைசியாக எடுத்த தேதி என்ன? எத்தனை கனமீட்டர் மண் அள்ளப்பட்டது, எங்கே கொட்டப்பட்டது? ரயில் நிலையத்துக்கு அடியிலான பகுதிக்குப் பொறுப்பதிகாரி யார்? பொழி கடைசியாக எந்தத் தேதியில், எந்தக் காயல் மட்டத்தில் வெட்டப்பட்டது? ரயில்வேக்கும் மாநகராட்சிக்கும் பாசனத் துறைக்கும் தனித்தனி மனு போடுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஏப்ரல் தொடக்கத்தில் போட்டால், எடவப்பாதி மழை இறங்கும் ஜூனுக்கு முன் பதில் கையில் இருக்கும். வடகிழக்குப் பருவமழையான துலாவர்ஷத்துக்கு என்றால் ஆகஸ்டில் போடுங்கள்.